முகம் மீட்ட மருத்துவர்

நுழையும்முன்

ஒருவரை நாம் முதலில் அறிவது முகத்தால்தான். மகிழ்ச்சியும் துயரமும் நாணமும் சினமும் முதலில் தோன்றுமிடம் அதுவே. அம்முகமே சிதைந்துபோனால் ஒருவர் எவ்வாறு வாழ்வார்? முதல் உலகப்போர் பல்லாயிரம் இளைஞர்களை இந்த வினாவின் முன் நிறுத்தியது. அவர்களுக்கு இமையும் மூக்கும் தாடையும் மீண்டும் அமைத்துக் கொடுக்க ஒரு மருத்துவர் முன்வந்தார். அப்பணிக்கு உரிய முறையான பயிற்சி அன்று அவருடைய நாட்டில் எந்தக் கல்லூரியிலும் இல்லை. அதற்குத் தேவையான அறிவை அவர் எங்கெங்கிருந்து திரட்டினார் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஹெரால்டு டெல்ஃப் கில்லிஸ் 1882ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பிறந்தார். உடன்பிறந்தோர் எண்மரில் இவரே இளையவர். தந்தை ராபர்ட் கில்லிஸ் நில விற்பனைத் தொழில் நடத்தியவர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். வானியலில் கொண்ட ஆர்வத்தால் தம் வீட்டிலேயே விண்ணோக்குக் கூடம் அமைத்தவர். மகனுக்கு நான்கு வயது நிறைவதற்குள் அவர் மறைந்தார்.

சிறுவயதில் மாடிப்படியின் கைப்பிடிச் சட்டத்தில் சறுக்கி விளையாடியபோது கில்லிசின் முழங்கை முறிந்தது. அந்தக் கையை முழுமையாக நீட்டி மடக்க அவரால் வாழ்நாள் முழுவதும் இயலவில்லை. ஆயினும் வாங்கனூய் பள்ளியில் பயின்ற காலத்தில் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கீஸ் கல்லூரியில் சேர்ந்தபின், 1904இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான படகுப் போட்டியில் வென்ற கேம்பிரிட்ஜ் அணியில் துடுப்பு வலித்தார். பிற்காலத்தில் கோல்ஃப் ஆட்டத்தில் இங்கிலாந்து அணிக்காகவும் ஆடினார். குறையுள்ள கையைப் பழக்கத்தால் வசப்படுத்திய இந்த இளைஞரே பின்னாளில் நுண்ணிய அறுவைக்குப் பெயர்பெற்ற மருத்துவரானார்.

இலண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவப் பயிற்சியை நிறைவு செய்த கில்லிஸ், 1910இல் அறுவை மருத்துவர்களுக்கான உயர்தகுதியைப் பெற்றார். காது, மூக்கு, தொண்டை மருத்துவமே அவர் தேர்ந்துகொண்ட துறையாகும். குறுகிய துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத இடங்களில் பணிபுரியும் துறை அது. முகத்தின் உள்ளமைப்பை, அதாவது எலும்பின் அடுக்குகளையும் நரம்புகளின் வழித்தடத்தையும் குருதிக் குழாய்களின் போக்கையும், அவர் அங்கேதான் நன்கறிந்தார். அமைதியான வளமான வாழ்வு அவர்முன் விரிந்திருந்தது. அப்போது போர் மூண்டது.

போர் தந்த புதிய காயங்கள்

முதல் உலகப்போர் பெரும்பாலும் பதுங்குகுழிகளில் நடந்தது. உடலை மண் காத்தது. ஆனால், எதிரியை நோக்க வீரன் தலையை உயர்த்திய நொடியில் முகமே இலக்காயிற்று. எந்திரத் துப்பாக்கிகளும் குண்டுச் சிதறல்களும் தாடையைப் பெயர்த்தன, மூக்கை அறுத்தன, கன்னத்தைக் கிழித்தன. போர்க்கப்பல்களில் வெடிமருந்து தீப்பற்றியபோது மாலுமிகளின் முகத்தோலும் இமைகளும் கருகின. மருத்துவ வசதிகள் வளர்ந்திருந்தமையால் இவர்களுள் பலர் உயிர் பிழைத்தனர். பிழைத்த பின்னர், உணவை மெல்ல இயலாமலும் பேச இயலாமலும் உறங்கும்போதும் கண்களை மூட இயலாமலும் அவர்கள் வாழ நேர்ந்தது.

அக்காலத்தில் இத்தகைய காயங்களைக் கண்ட மருத்துவர்கள், கிழிந்த ஓரங்களை இழுத்துச் சேர்த்துத் தைத்துவிடுவதே வழக்கம். காயம் ஆறும்போது தழும்பு சுருங்கும். சுருங்கும் தழும்பு வாயையும் கண்ணையும் ஒருபக்கமாக இழுத்துக் கோணலாக்கும். புண் ஆறிவிடும், முகம் கெட்டுவிடும்.

1915இல் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்த கில்லிஸ் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சார்ல்ஸ் வலாடியர் என்னும் பல் மருத்துவர், உடைந்த தாடைகளை இணைத்துச் சீராக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். பல்லும் தாடையும் சரியாகப் பொருந்தாவிடில் மேலே உள்ள தசைக்கும் தோலுக்கும் தாங்குதளமே இராது என்பதைக் கில்லிஸ் அவரிடம் கண்டார். பின்னர் விடுப்பில் பாரிஸ் சென்று, புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இப்போலித் மோரெஸ்தானின் அறுவைக் கூடத்தில் நின்றார். முகத்தில் பரவியிருந்த புற்றுக் கட்டியை மோரெஸ்தான் அகற்றினார். பிறகு தாடைக்குக் கீழிருந்த தோலை அடிப்பகுதி அறாமல் திருப்பி, வெற்றிடத்தை மூடினார். தம் வாழ்நாள் பணி இதுவே என்று கில்லிஸ் அன்றே முடிவு செய்தார். மீண்டும் ஒருமுறை சென்றபோது அவருக்கு அங்கே நுழைவு மறுக்கப்பட்டது. எனவே, கண்ட ஒன்றிலிருந்து காணாதவற்றைத் தாமே கண்டறிய வேண்டியவரானார்.

ஆல்டர்ஷாட்டில் தொடக்கம்

இங்கிலாந்து திரும்பிய கில்லிஸ், இராணுவ அறுவை மருத்துவத்திற்குப் பொறுப்பு வகித்த வில்லியம் ஆர்பத்நாட் லேனை அணுகி, முகக்காயங்களுக்கெனத் தனிப்பிரிவு வேண்டுமென வலியுறுத்தினார். 1916 சனவரியில் ஆல்டர்ஷாட் இராணுவ மருத்துவமனையில் அப்பிரிவு தொடங்கப்பெற்றது. போர்க்களத்திலிருந்து வரும் வீரர்கள் வேறு மருத்துவமனைகளுக்குச் சென்று சிதறிவிடாதிருக்க, தம் பெயரும் முகவரியும் கொண்ட சீட்டுகளைச் சொந்தச் செலவில் வாங்கிப் பிரான்சுக்கு அனுப்பினார். அச்சீட்டுகளைத் தாங்கியபடி காயமுற்றோர் வரத் தொடங்கினர்.

அவ்வாண்டு ஜூலை முதல் நாள் சோம் ஆற்றங்கரைப் போர் தொடங்கியது. இருநூறு பேருக்கென இடம் ஒதுக்கியிருந்த பிரிவுக்கு ஏறத்தாழ ஈராயிரம் பேர் வந்து சேர்ந்தனர். தேவையின் அளவை அரசு அப்போதுதான் முழுமையாக உணர்ந்தது. இலண்டனை அடுத்த சிட்கப்பில், முகச் சீரமைப்புக்கென்றே அரசி மருத்துவமனை 1917இல் திறக்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

முகத்தின் ஓரிடத்துத் தோலைக்கொண்டு மற்றோர் இடத்தை அமைக்கும் கலை இந்தியாவில் மிகப் பழமையானது. அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலால் அமைக்கும் முறை சுசுருத சம்கிதையில் கூறப்பட்டுள்ளது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைக்கும் முறை இந்திய வைத்தியர்களிடம் வழிவழியாக இருந்துவந்தது. மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட வண்டியோட்டி ஒருவருக்கு இவ்வாறு மூக்கு அமைத்த செய்தி, படத்துடன் 1794இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதைக் கண்ட ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814இல் அம்முறையை இங்கிலாந்தில் செய்துகாட்டினார். கில்லிசும் மூக்கு அமைக்க நெற்றித் தோலைப் பயன்படுத்தினார்.

பலர் கூடிச் செய்த பணி

சிட்கப் மருத்துவமனையில் கில்லிஸ் தனியே நின்று பணிபுரியவில்லை. உடைந்த தாடையைப் பல் மருத்துவர் வில்லியம் கெல்சி ஃபிரை முதலில் நிலைநிறுத்துவார். அதன்மேல் தசையையும் தோலையும் கில்லிஸ் அமைப்பார். ஹென்றி டாங்க்ஸ் என்பவர் அறுவை மருத்துவராகப் பயின்று ஓவியராக மாறியவர். அவர் நோயாளிகளின் முகங்களை அறுவைக்கு முன்னும் பின்னும் வண்ணக் கோல்களால் வரைந்தார். அந்நாளைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் காட்டாத தோலின் நிறத்தையும் தசையின் ஆழத்தையும் அவ்வோவியங்கள் காட்டின. புகைப்படமும் வரைபடமும் சாந்து வார்ப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் தொகுக்கப்பட்டன. எழுத்திலும் படத்திலும் திட்டம் உருவாகாமல் கத்தியை எடுக்கலாகாது என்பது கில்லிஸ் வகுத்த நெறி.

மயக்க மருந்து கொடுப்பதே அங்கே பெரும் இடர்ப்பாடாக இருந்தது. முகத்தின்மீது மூடியை வைத்து மருந்தைச் செலுத்தினால் அறுவை செய்ய இடமிராது. தாடை உடைந்தவரை மல்லாந்து படுக்க வைத்தால் மூச்சடைக்கும். இதனைக் களைய ஐவன் மகில், ஸ்டான்லி ரௌபாதம் என்னும் மயக்கவியல் மருத்துவர் இருவர், மூச்சுக்குழலுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி மருந்தளிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். இன்று உலகெங்கும் அறுவைக் கூடங்களில் மூச்சுக்குழல் வழியே மயக்க மருந்து அளிக்கப்படுவதில் சிட்கப்பில் நடந்த இப்பணிக்குப் பெரும்பங்கு உண்டு.

நோயாளிகளின் மனமும் மருத்துவமனையின் கவனத்தில் இருந்தது. கூடங்களில் கண்ணாடிகள் விலக்கப்பட்டன. உலாவச் செல்லும் வீரர்கள் அமர்வதற்கென நகரச் சாலையோர இருக்கைகள் சில நீலவண்ணம் பூசப்பெற்றன. எதிர்ப்படுவோர் திடுக்கிடாதிருக்க அவை முன்னறிவிப்பாயின. ஓர் அறுவைக்கும் அடுத்த அறுவைக்கும் இடையே பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். அந்நாள்களில் வீரர்கள் கைத்தொழில்கள் பயின்றனர். மருத்துவமனையை விட்டு வெளியேறியபின் பிழைப்பதற்கு வழி வேண்டுமல்லவா?

தோற்குழல்

இழந்த திசுவுக்கு ஈடாகத் தோலைக் கொண்டுவருவது எளிதன்று. உடலிலிருந்து முற்றும் பிரித்தெடுத்த தடித்த தோல், குருதி கிட்டாமல் அழுகும். எனவே ஒரு முனை உடலோடு பொருந்தியிருக்கவே, மறுமுனையைக் காயத்தில் பதிக்க வேண்டும். அவ்வாறு தூக்கிய தோலின் அடிப்புறம் திறந்த புண்ணாகவே இருக்கும். கிருமிகள் அதில் எளிதில் தொற்றும். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் தோன்றாத காலம் அது.

1917 அக்டோபர் 3ஆம் நாள் வில்லி விகரேஜ் என்னும் மாலுமிக்குக் கில்லிஸ் அறுவை செய்தார். ஜட்லாண்ட் கடற்போரில் மெலேயா என்னும் கப்பலில் தீக்காயமுற்றவர் அவர். மார்பிலிருந்து தூக்கிய தோல்பட்டையின் ஓரங்கள் தாமாகவே உட்புறம் சுருள்வதைக் கில்லிஸ் கவனித்தார். அவ்வோரங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவ்வாறே தைத்தார். தோல்பட்டை குழலாக மாறியது. புண்ணான பகுதி உள்ளே மூடப்பட்டது. நலமான தோல் வெளியே காப்பாக அமைந்தது. குழலினுள் குருதியோட்டம் தடையின்றி நடந்தது.

பெட்டியின் கைப்பிடிபோல் இரு முனைகளும் உடலோடு பொருந்திய இத்தோற்குழலில், சில வாரங்கள் கழித்து ஒரு முனையை அறுத்து முகத்தில் பதிக்கலாம். அது அங்கே வேரூன்றிக் குருதி பெறத் தொடங்கியபின் மறுமுனையை அறுத்துவிட்டு, குழலை விரித்து முகத்தில் பரப்பலாம். ஏறத்தாழ இதே காலத்தில் ஒடெசா நகரின் கண் மருத்துவர் விளாதிமிர் ஃபிலாத்தவ், கண்ணிமை அமைப்பதற்கு இத்தகைய குழலைத் தாமாகவே கண்டறிந்திருந்தார். போரால் பிரிந்துகிடந்த ஐரோப்பாவில் ஒருவர் பணியை மற்றவர் அறியாமலேயே இருவரும் ஒரே வழியை அடைந்தனர்.

இமையின் அருமை

முக உறுப்புகளுள் அளவில் சிறியதும் அமைப்பதற்கு மிக அரியதும் கண்ணிமையே. அதன் தோல் உடலிலேயே மிக மெல்லியது. இமை மூடித் திறக்கும்போதெல்லாம் கண்ணீர் கருவிழியின்மேல் பரவி ஈரம் காக்கிறது. இமையை இழந்த கண் உலரும். கருவிழியில் புண் தோன்றும். முடிவில் பார்வையே போகும். எனவே இமையை அமைப்பது அழகுக்காகச் செய்யும் பணி என்று எண்ணுதல் பிழையாகும். அது பார்வையைக் காக்கும் பணி.

தீக்காயம் ஆறும்போது தழும்பு சுருங்கி இமையை வெளிப்புறமாகப் பிதுக்கிவிடும். இதற்குக் கில்லிஸ் கையாண்ட முறை நுட்பமானது. முதலில் தழும்பை அறுத்து இமையை விடுவிப்பார். உண்டான பள்ளத்தின் அச்சைப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அச்சுப்பொருளில் எடுப்பார். மிக மெல்லிய தோலை அவ்வச்சின்மீது போர்த்திப் பள்ளத்தில் பதித்துத் தைப்பார். சில நாள்களில் தோல் பற்றிக்கொள்ளும். அச்சை நீக்கியதும் இமை மூடுவதற்குத் தேவையான தளர்ச்சியுடன் புதிய தோல் அங்கே இருக்கும். எஸ்ஸர் என்னும் டச்சு மருத்துவர் வாயின் உட்புறத்திற்குக் கண்டறிந்திருந்த முறையைக் கில்லிஸ் இமைக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டார்.

வார்ஸ்பைட் என்னும் போர்க்கப்பலில் பணிபுரிந்த வால்டர் இயோ, மேலிமை கீழிமை அனைத்தையும் இழந்து 1917இல் சிட்கப் வந்தவர். மார்பிலிருந்து முகமூடிபோல் அமைத்தெடுத்த தோலை அவருடைய கண்களைச் சுற்றியும் மூக்கின்மீதும் கில்லிஸ் பொருத்தினார். இயோவுக்கு மீண்டும் இமைகள் அமைந்தன. பழைய முகம் முழுமையாகத் திரும்பவில்லை. ஆயினும் கண்களை மூடித் திறக்கும் வாழ்வு திரும்பியது. முதலில் உறுப்பு தன் தொழிலைச் செய்ய வேண்டும், தோற்றம் அதற்கடுத்தது என்னும் வரிசையைக் கில்லிஸ் பின்பற்றினார். எனினும் தோற்றத்தை அவர் புறக்கணிக்கவில்லை. பார்ப்போர் விலகிச் செல்லும் முகத்துடன் வாழ்வதும் ஒரு நோயே என்று கருதினார்.

தோல்வியின் பாடம்

எல்லா அறுவைகளும் வெற்றி பெறவில்லை. விமான விபத்தில் முகம் முழுவதும் கருகிய இளம் வானோடி ஒருவர், காயமுற்று ஓராண்டுக்குப் பின் சிட்கப் வந்தார். 1918இல் அவர் மார்பிலிருந்து முகம் முழுமையையும் மூடத்தக்க பெரிய தோலைக் கில்லிஸ் ஒரே முறையில் மாற்றினார். நலிந்திருந்த உடல் அதைத் தாங்கவில்லை. பொருத்திய தோல் அழுகியது. சில வாரங்களில் அவ்விளைஞர் இறந்தார்.

கில்லிஸ் இத்தோல்வியை மறைக்கவில்லை. 1920இல் வெளியிட்ட முக அறுவை மருத்துவ நூலில் இதனைப் படங்களுடன் பதிவு செய்தார். இவ்வளவு பெரிய பணியைப் படிப்படியாகச் செய்திருக்க வேண்டும் என்பதே அவர் அதிலிருந்து பெற்ற பாடம். நாளை செய்யத்தக்க அறுவையை இன்றே அவசரமாகச் செய்யலாகாது என்பது பின்னர் அவர் தம் மாணவர்க்குக் கற்பித்த நெறிகளுள் ஒன்றாயிற்று. எஞ்சியிருக்கும் திசுவை முதலில் அதற்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும்; இழந்ததற்கு அதனை ஒத்த திசுவையே ஈடாக்க வேண்டும்; முதல் திட்டம் தவறினால் கைக்கொள்ள மாற்றுத் திட்டம் இருக்க வேண்டும் என்பனவும் அந்நெறிகளுள் அடங்கும்.

போருக்குப் பின்

சிட்கப் மருத்துவமனையில் 1917 முதல் 1925 வரை ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோருக்குப் பதினோராயிரத்திற்கும் மேற்பட்ட அறுவைகள் நடைபெற்றன. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் மருத்துவர்கள் அங்கே தத்தம் பிரிவுகளில் பணியாற்றினர். அமெரிக்க மருத்துவர்களும் வந்து கற்றனர். பாரிசில் தமக்கு ஒருமுறை மூடப்பட்ட கதவைக் கில்லிஸ் பிறருக்கு மூடவில்லை.

போர் முடிந்தபின் இத்துறை தேவையற்றது என்று எண்ணியோர் பலர். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்திற்குத் திரும்பினால் வருவாய் உறுதி. ஆயினும் கில்லிஸ் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டார். விபத்தில் முகம் சிதைந்தோரும் பிறவியிலேயே உதடு பிளந்த குழந்தைகளும் அவரிடம் வந்தனர். உள்ளமுங்கிய கன்ன எலும்பை, தலைமுடி மறைக்கும் இடத்தில் சிறு வெட்டு இட்டு அதன்வழியே தூக்கி நிறுத்தும் முறையை 1927இல் அவர் வெளியிட்டார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1930இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டனில் இத்துறையில் தேர்ந்தோர் கில்லிஸ், கில்னர், மெக்கிண்டோ, மௌலம் ஆகிய நால்வரே. அவர்களுள் மெக்கிண்டோ கில்லிசின் உறவினர், அவரிடம் பயின்றவர். தீக்காயமுற்ற வானோடிகளுக்கு மெக்கிண்டோ கிழக்கு கிரின்ஸ்டெட்டில் ஆற்றிய பணி உலகப்புகழ் பெற்றது. கில்லிஸ் பேசிங்ஸ்டோக் நகரை அடுத்த ரூக்ஸ்டவுன் இல்லத்தில் பணிபுரிந்தார். 1946இல் பிரிட்டனின் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1957இல் அமெரிக்க மாணவர் ரால்ஃப் மில்லார்டுடன் இணைந்து, தம் அனுபவத்தை இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

முதுமையிலும் அவர் அறுவைக் கூடத்தை விட்டு விலகவில்லை. 1960 ஆகஸ்டில் இளம்பெண் ஒருவரின் காலைச் சீரமைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மூளையில் குருதி உறைந்தது. ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 10ஆம் நாள் தம் 78ஆம் வயதில் இலண்டனில் மறைந்தார்.

தோற்குழல் முறை இன்று பெரிதும் வழக்கொழிந்தது. நுண்ணோக்கியின் துணையுடன் குருதிக் குழாய்களை இணைக்கும் முறைகள் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. கண்ணிமைச் சீரமைப்பு தனித்த மருத்துவத் துறையாக வளர்ந்துள்ளது. முறைகள் மாறினாலும், அளந்து வரைந்து திட்டமிட்டபின் அறுக்கும் ஒழுங்கும், தோல்வியை மறைக்காமல் எழுதிவைக்கும் நேர்மையும் இத்துறையில் பயில்வோருக்குக் கில்லிஸ் விட்டுச்சென்ற வழியாக உள்ளன. டாங்க்ஸ் வரைந்த வீரர்களின் முகங்களை இலண்டன் அரச அறுவை மருத்துவக் கல்லூரி இன்றும் பாதுகாத்து வருகிறது. அம்முகங்களைக் காண்போர், பிறர் காணத் தயங்கியவற்றை நாள்தோறும் உற்றுநோக்கி, அவற்றுள் மீட்கத்தக்கது யாது என்று தேடிய ஒரு மருத்துவரின் உழைப்பையும் சேர்த்தே காண்கின்றனர்.